பஸ் பள்ளிக்கூடத்துக்கா, பிள்ளைக்கா?



அமெரிக்காவில் மகன் வீட்டுக்கும் மகள் வீட்டுக்கும் போய் வந்த அம்மாக்கள் இந்தப் பகுதியில் அடிக்கடி எழுதுகிறார்கள். குளிர், தனிமை, பாத்திரம் கழுவும் மெஷின், பேரப்பிள்ளைகள் பேசும் தமிழ் என்று எல்லாமே வந்துவிட்டது. ஆனால் அங்கே ஒரு குடும்பத்தின் நிம்மதியையே தீர்மானிக்கிற மஞ்சள் நிற ஸ்கூல் பஸ்ஸைப் பற்றி யாரும் எழுதி நான் படித்ததில்லை. அதனால் நான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் கட்சி இதுதான். ஸ்கூல் பஸ் என்பது பிள்ளைக்காக விடுகிற பஸ்ஸா, பள்ளிக்கூடத்துக்காக விடுகிற பஸ்ஸா? பிள்ளைக்காகத்தான் என்றால், அந்தப் பிள்ளை அரசுப் பள்ளியில் படிக்கிறதா, தனியார் பள்ளியில் படிக்கிறதா, சார்ட்டர் பள்ளியில் படிக்கிறதா என்று பார்த்து ஏற்றுவதும் இறக்குவதும் சரியில்லை. அப்படிப் பார்க்கும்போது, கடைசியில் அந்த பஸ் ஓட்ட வேண்டிய தூரத்தையெல்லாம் ஒரு அம்மாதான் ஓட்டுகிறாள்.

என் மகள் நியூ ஜெர்சி மாநிலத்தில் இருக்கிறாள். 2024 ஜூலையில் போய் 2025 ஜனவரியில் திரும்பினேன். மகளும் மாப்பிள்ளையும் வேலைக்குப் போகிறவர்கள். எட்டு வயதில் ஒரு பேரன். நான் போனதே அவனைப் பார்த்துக்கொள்ளத்தான். "அம்மா, நீ வந்து ஆறு மாசம் இருந்தா போதும், நான் நிம்மதியா ஆபீஸ் போவேன்" என்றாள். நம்மில் எத்தனை பேருக்கு இதே போன் வந்திருக்கிறது!

முதலில் அங்கே பள்ளிக்கூடங்கள் எப்படி என்று சொல்லிவிடுகிறேன். ஊருக்கு ஊர் பள்ளி மாவட்டம் என்று ஒன்று உண்டு. நம்ம திருச்சி மாவட்டம், தஞ்சாவூர் மாவட்டம் மாதிரி பெரிசு என்று நினைக்காதீர்கள். பல இடங்களில் ஒரு ஊருக்கே ஒரு மாவட்டம். அந்தச் சின்ன மாநிலத்தில் மட்டும் 600க்கு அருகே இருக்கின்றன. வீட்டு வரியோடு வசூலிக்கிற பணத்தில்தான் பெரும்பாலும் அரசுப் பள்ளிகள் நடக்கின்றன. ஃபீஸ் கிடையாது. நல்ல வேலையில் இருப்பவர்களும் பிள்ளைகளை அங்கேதான் சேர்க்கிறார்கள்.

தனியார் பள்ளி நமக்குத் தெரிந்ததுதான். ஃபீஸ் கட்ட வேண்டும். சர்ச் நடத்துகிற பள்ளிகள் அதில் நிறைய.

மூன்றாவது ரகம் சார்ட்டர் பள்ளி. 1991ல் மின்னசோட்டா மாநிலம் முதலில் சட்டம் போட்டது. பிறகு நியூ ஜெர்சி உட்படப் பெரும்பாலான மாநிலங்களுக்கும் பரவியது. செலவு பொதுப்பணம், ஆனால் ஊர் பள்ளி மாவட்டத்தின் நிர்வாகத்தில் இல்லாமல் தனியாக ஒரு குழு நடத்தும். ஃபீஸ் கிடையாது. இடத்தைவிட விண்ணப்பம் அதிகம் வந்தால் குலுக்கல். ஆக, பெயர்தான் வேறே தவிர அதுவும் அரசாங்கப் பணத்தில் நடக்கிற பள்ளிதான். இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது பஸ்ஸுக்கு வருவோம். அந்த மஞ்சள் நிறத்துக்கே ஒரு கதை உண்டு. 1939ல் நியூயார்க்கில் ஒரு மாநாடு கூட்டி, ஸ்கூல் பஸ் எல்லாம் எப்படி இருக்க வேண்டும் என்று முடிவு செய்தார்கள். விடியற்காலை மங்கலான வெளிச்சத்திலும் கண்ணில் படும், அதன்மேல் கறுப்பு எழுத்து பளிச்சென்று தெரியும் என்று அந்த மஞ்சளைத் தேர்ந்தெடுத்தார்களாம். பஸ் நின்று, சிவப்பு விளக்கு மின்னி, பக்கவாட்டில் 'நில்' என்ற பலகையை நீட்டிவிட்டால் போதும். பின்னால் வருகிற வண்டிகள் மட்டுமல்ல, நடுவில் தடுப்பு இல்லாத ரோட்டில் எதிரே வருகிற வண்டிகளும் நின்றே ஆக வேண்டும். நியூ ஜெர்சியில் குறைந்தது 25 அடி தள்ளி நிற்க வேண்டும். ஒரு பிள்ளை இறங்கி ரோட்டைக் கடக்கும் வரை ஊரே நிற்கிறது. அதைப் பார்த்தபோது எனக்கு நிஜமாகவே கை கூப்பத் தோன்றியது.

ஆனால் அந்த பஸ்ஸில் ஏற யாருக்கு உரிமை என்று கேட்டால்தான் சிக்கல் ஆரம்பமாகிறது.

நியூ ஜெர்சி சட்டப்படி, எட்டாம் வகுப்பு வரை படிக்கிற பிள்ளையின் வீடு பள்ளியிலிருந்து 2 மைலுக்கு மேல் இருந்தால் பள்ளி மாவட்டம் போக வர ஏற்பாடு செய்ய வேண்டும். 9 முதல் 12 வரை என்றால் 2.5 மைல். நம்ம கணக்கில் மூன்றேகால் கிலோமீட்டர், நாலு கிலோமீட்டர். அதற்குள் இருந்தால் நடக்க வேண்டியதுதான். சில ஊர்களில் ஆபத்தான ரோடு இருந்தால் மனசு வைத்து பஸ் விடுகிறார்கள், சில ஊர்களில் பணம் கட்டினால் ஏற்றுகிறார்கள்.

தனியார் பள்ளிப் பிள்ளைக்கும் அங்கே வழி உண்டு என்பது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. பள்ளி அந்த மாநிலத்துக்குள் இருக்க வேண்டும், லாப நோக்கம் இல்லாததாக இருக்க வேண்டும், வீட்டிலிருந்து 20 மைலுக்குள் இருக்க வேண்டும், மேலே சொன்ன 2 மைல் கணக்கும் பொருந்த வேண்டும். இவ்வளவும் இருந்தால், நாம் குடியிருக்கிற ஊரின் பள்ளி மாவட்டம் அந்தப் பிள்ளைக்கும் பஸ் ஏற்பாடு செய்யப் பார்க்க வேண்டும். டெண்டர் விட்டு, ஒரு பிள்ளைக்கு வருஷத்துக்கு ஆகிற செலவு அரசு வைத்த உச்சவரம்புக்குள் அடங்கினால் பஸ் வரும். அடங்காவிட்டால் பஸ் கிடையாது. பதிலுக்கு அந்த உச்சவரம்புத் தொகையைப் பெற்றோருக்குக் கொடுத்துவிடுவார்கள். 'நீங்களே கொண்டுபோய் விட்டுக்கொள்ளுங்கள்' என்று அர்த்தம்.

சார்ட்டர் பள்ளி என்றால் இரண்டு விதம். பள்ளி நம்ம ஊர் எல்லைக்குள் இருந்தால் அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு என்ன உண்டோ அதே. பக்கத்து ஊரில் இருந்தால் தனியார் பள்ளிக் கணக்குதான்: உச்சவரம்புக்குள் பஸ் கிடைத்தால் பஸ், இல்லாவிட்டால் பணம்.

என் பேரன் விஷயத்தில் நடந்ததும் அதுதான். அவனுக்குப் பக்கத்து ஊர் சார்ட்டர் பள்ளியில் குலுக்கலில் இடம் கிடைத்தது. வீட்டிலிருந்து ஆறு மைல். கணக்கும் விஞ்ஞானமும் நன்றாகச் சொல்லித் தருகிறார்கள் என்று அக்கம்பக்கத்தில் நல்ல பெயர். மகள் பஸ்ஸுக்கான விண்ணப்பத்தைக் காலத்தோடு கொடுத்துவிட்டாள். வெயில்காலம் முழுக்க பதில் இல்லை. ஆகஸ்டில், பள்ளி திறக்கச் சில வாரம் இருக்கும்போது கடிதம் வந்தது. இந்த வருஷம் உங்கள் பிள்ளைக்கு பஸ் அமையவில்லை, பதிலாகப் பணம் தரப்படும் என்று. அவ்வளவுதான். அவர்கள் சட்டத்தை மீறவில்லை. சட்டமே அப்படித்தான்.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? அதே தெருவில் இருந்த இன்னொரு பிள்ளை ஃபீஸ் கட்டி சர்ச் பள்ளியில் படிக்கிறான். அந்தப் பள்ளிக்கு இந்த ஊரிலிருந்து நிறையப் பிள்ளைகள் போவதால் தலைக்குச் செலவு குறைந்து, அவனுக்கு பஸ் வந்துவிட்டது. ஃபீஸ் வாங்குகிற பள்ளிப் பிள்ளைக்கு பஸ் உண்டு. பொதுப்பணத்தில் நடக்கிற பள்ளிப் பிள்ளைக்கு இல்லை. அவனுக்குக் கிடைத்ததில் எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை, பிள்ளை நல்லபடியாகப் போய் வரட்டும். ஆனால் இதில் என்ன நியாயம் இருக்கிறது, சொல்லுங்கள்!

சரி, பணம் தருகிறார்களே, அது போதாதா என்று கேட்பீர்கள். அந்தத் தொகை வருஷத்துக்கு ஆயிரம் டாலரைக் கொஞ்சம் தாண்டும். நம்ம ரூபாயில் பெரிசாகத் தெரியும். ஆனால் அங்கே பள்ளி 180 நாள். வகுத்துப் பாருங்கள், ஒரு நாளைக்கு ஆறு டாலர் சொச்சம். காலையில் ஆறு மைல் போய்த் திரும்பி, மாலையில் இன்னொரு தரம் போய்த் திரும்பினால் 24 மைல். பெட்ரோலுக்கும் தேய்மானத்துக்குமே கட்டுப்படியாகாது. அதுவும் கையில் முன்கூட்டியே தருவதில்லை. அரை வருஷம் பிள்ளை போய் வந்த பிறகு படிவத்தில் கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டும்.

பெட்ரோல் கூடப் போகட்டும். நேரத்துக்கு யார் பணம் தருவார்கள்? பள்ளி மூன்றரைக்கு விடுகிறது. ஆபீஸ் ஐந்து மணிக்கு விடுகிறது. நடுவில் இருக்கிற ஒன்றரை மணி நேரத்துக்கு எந்த செக்கும் வராது.

என்னால் என்ன செய்ய முடிந்தது? சமைத்தேன், துவைத்தேன், பேரனுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தேன். ஆனால் எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. திருச்சியில் எனக்கு அந்தத் தேவையே வந்ததில்லை. டவுன் பஸ்ஸும் ஆட்டோவும் இருக்க, எதற்குக் கார்? அங்கேயோ மகள் இருந்த பக்கம் டவுன் பஸ் கிடையாது. தெருமுனையில் மஞ்சள் பஸ் வந்து நின்றிருந்தால் பேரனைக் கை பிடித்து அழைத்து வர நான் போதும். பஸ் இல்லாததால் பாட்டி இருந்தும் பிரயோஜனமில்லை. டிக்கெட் போட்டு, விசா எடுத்து, அவ்வளவு தூரம் போன அம்மாவால் தீர்க்க முடியாத பிரச்னையை ஒரு பஸ் தீர்த்திருக்கும்.

ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் அவர்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். மாப்பிள்ளை நல்ல மனுஷர், குறை சொல்லக்கூடாது. "யாராவது ஒருத்தர் நேரத்தைக் குறைச்சுக்கணும் அத்தை, வேற வழியில்லை" என்றார். அந்த 'யாராவது ஒருத்தர்' யார் என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமே இல்லை பாருங்கள்! முதலில் மூன்று வீட்டு அம்மாக்கள் சேர்ந்து முறை போட்டு ஓட்டினார்கள். நவம்பரில் ஒருத்திக்கு வேலை ஷிப்ட் மாறியதும் முறை கலைந்தது. டிசம்பரில் என் மகள் முழுநேர வேலையைப் பாதி நேரமாக்கிக்கொண்டாள். சம்பளம் பாதியானது, வரவேண்டிய பதவி உயர்வும் போனது. "பரவாயில்லைம்மா, அவன் நல்லா படிச்சா சரி" என்றாள். நாமும் நம் காலத்தில் சொன்ன வசனம்தானே இது? ஊர் மாறினாலும் வசனம் மாறவில்லை.

எதிர்த்தரப்பு நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். பக்கத்து வீட்டில் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு வெள்ளைக்காரர் இருந்தார். தோட்டத்துத் தக்காளி கொண்டுவந்து கொடுப்பார், நான் முறுக்கு கொடுப்பேன். அவரிடம் மகள் இதைச் சொன்னபோது அவர், "ஊரில் நல்ல பள்ளி இருக்கிறது, அதற்கு பஸ்ஸும் இருக்கிறது. அது வேண்டாம் என்று பக்கத்து ஊர்ப் பள்ளியைத் தேர்ந்தெடுத்தது நீங்கள். அதற்கு நான் ஏன் வரி கட்ட வேண்டும்? என் பிள்ளைகள் படித்து முடித்தே இருபது வருஷம் ஆயிற்று" என்றார். அமெரிக்காவிலேயே வீட்டு வரி மிக அதிகமாக உள்ள மாநிலம் அது. பென்ஷனில் வாழ்கிற மனுஷர் கேட்பதில் தப்பு என்ன?

இந்தக் கேள்வி புதிதும் இல்லை. அதே நியூ ஜெர்சியில் ட்ரென்டன் நகரத்தை ஒட்டிய யூயிங் என்ற ஊரில், கத்தோலிக்கப் பள்ளிக்கு பஸ்ஸில் போகிற பிள்ளைகளின் டிக்கெட் பணத்தையும் பெற்றோருக்குத் திருப்பிக் கொடுத்தார்கள். எவர்சன் என்ற வரி கட்டுகிற ஒருவர், மதப் பள்ளிக்குப் போகிற பிள்ளைக்குப் பொதுப்பணமா என்று வழக்குப் போட்டார். அது நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை போனது. 1947ல் தீர்ப்பு. ஒன்பது நீதிபதிகளில் ஐந்து பேர் கொடுக்கலாம் என்றார்கள், நாலு பேர் கூடாது என்றார்கள். ஹியூகோ பிளாக் என்ற நீதிபதி எழுதிய அந்தத் தீர்ப்பின் சாரம் என்னவென்றால், இது பள்ளிக்குக் கொடுக்கிற பணம் இல்லை, எந்த மதத்துப் பிள்ளையானாலும் பத்திரமாகப் பள்ளிக்குப் போய் வர உதவுகிற பொது ஏற்பாடு. போலீஸ் பாதுகாப்பையும் தீயணைப்பையும் மதப் பள்ளி என்பதற்காக நிறுத்துவதில்லையே, அது போலத்தான் இதுவும் என்பது.

எனக்கு இந்த நியாயம் மனசுக்குப் பொருந்துகிறது. ரோட்டைக் கடக்கவைக்கிற போலீஸ்காரர் பிள்ளையின் கையைப் பிடிக்கும்போது "நீ எந்த ஸ்கூல்?" என்று கேட்பதில்லை.

ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் கேள்வியிலும் பாதி நியாயம் உண்டு. மூன்று பிள்ளைகளுக்காக ஒரு பஸ் 20 மைல் ஓடினால், அந்தச் செலவில் உள்ளூர்ப் பிள்ளைகள் நாற்பது பேர் போகலாம். டிரைவர் கிடைப்பதும் லேசில்லை. கொரோனாவுக்குப் பிறகு எத்தனையோ டிரைவர்கள் வேலையை விட்டுப் போனார்கள். 2021 செப்டம்பரில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிள்ளைகளை ஏற்றிப் போகத் தேசியக் காவல் படை வீரர்களையே வேன் ஓட்ட அழைத்தார்கள். 2023 ஆகஸ்டில் கென்டக்கி மாநிலம் லூயிவில் நகரத்தில் பள்ளி திறந்த முதல் நாளே பஸ் பாதையெல்லாம் குழம்பி, கடைசிப் பிள்ளை வீடு போய்ச் சேர ராத்திரி பத்து மணி ஆகப் பார்த்தது. ஒரு வாரத்துக்கு மேல் பள்ளிகளை மூட வேண்டி வந்தது. அடுத்த ஆண்டு அவர்கள் செய்தது என்ன? ஊர் பூராவிலிருந்தும் பிள்ளைகள் விரும்பிச் சேருகிற சிறப்புப் பள்ளிகள் பெரும்பாலானவற்றுக்கு பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். கார் இருக்கிற வீட்டுப் பிள்ளை தொடர்ந்து போகும். இல்லாத வீட்டுப் பிள்ளை என்ன செய்யும்? 'எந்தப் பள்ளி வேண்டுமோ தேர்ந்தெடுங்கள்' என்று சொல்லிவிட்டு பஸ்ஸை நிறுத்தினால், அந்தத் தேர்வு வசதி உள்ளவர்களுக்கு மட்டும்தான்.

மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறே. பென்சில்வேனியாவில், பள்ளி மாவட்டம் தன் பிள்ளைகளுக்கு பஸ் விட்டால், எல்லைக்கு வெளியே 10 மைல் வரை உள்ள தனியார், சார்ட்டர் பள்ளிப் பிள்ளைகளுக்கும் ஏற்பாடு செய்தாக வேண்டும். நியூயார்க் மாநிலத்தில் பொதுவாக 15 மைல். ஒஹையோவில் ஸ்கூல் பஸ்ஸில் அரை மணிக்குள் போகிற தூரம். அங்கேயும் சச்சரவு இல்லாமல் இல்லை. 2024ல் கொலம்பஸ் நகரத்தில் தனியார், சார்ட்டர் பிள்ளைகளை ஏற்ற முடியாது என்று சொன்ன பள்ளி மாவட்டத்தின் மேல் மாநில அட்டர்னி ஜெனரலே நீதிமன்றம் போனார். வேறு பல மாநிலங்களில் சார்ட்டர் பிள்ளைக்கு பஸ் தர வேண்டும் என்ற கட்டாயமே கிடையாது. ஒரே நாடு, ஒரே மஞ்சள் பஸ், ஆனால் எல்லைக்கோடு தாண்டினால் பிள்ளையின் உரிமை மாறுகிறது.

அப்படியானால் என்னதான் செய்யலாம்? ஒரு இல்லத்தரசியாக எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். வீட்டுச் செலவைக் கட்டுப்படுத்தத் தெரிந்த நமக்கு இதுவும் தெரியாதா என்ன?

தூரத்துக்கும் செலவுக்கும் எல்லை இருக்கட்டும். லாபம் சம்பாதிக்கிற பள்ளிக்குக் கிடையாது என்பதும் சரியே. வரி கட்டுகிறவர் வயிற்றில் அடிக்க வேண்டாம்.

ஆனால் சார்ட்டர் பள்ளி பொதுப் பள்ளிதான் என்று சட்டமே சொல்லும்போது, பஸ் விஷயத்தில் மட்டும் அதைத் தனியார் பள்ளி மாதிரி நடத்தக்கூடாது. ஊர் எல்லையைத் தாண்டி இரண்டு தெரு தள்ளி இருந்தாலும் கணக்கு மாறுகிறது. எல்லைக்கோட்டைப் பார்க்காமல் தூரத்தை மட்டும் பார்க்க வேண்டும்.

வீட்டு வாசலுக்கு பஸ் வர முடியாவிட்டால் பரவாயில்லை. ஊர் நூலகம், சர்ச் வாசல் மாதிரி ஒரு பொது இடத்தில் பஸ் நிற்கட்டும். சுற்றுவட்டாரப் பள்ளி மாவட்டங்கள் சேர்ந்து ஒரே பஸ்ஸில் இரண்டு மூன்று பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிப் போகலாம். நியூ ஜெர்சியில் இப்படிப் பல ஊர் பஸ் ஏற்பாட்டை ஒருங்கிணைக்க கவுண்டி அளவில் கல்விச் சேவை கமிஷன்கள் இருக்கவே இருக்கின்றன. சார்ட்டர் பள்ளிகளும் மணி அடிக்கிற நேரத்தைக் கொஞ்சம் முன்னே பின்னே வைத்தால், அரசுப் பள்ளிக்கு ஓடிய அதே பஸ் இரண்டாவது நடை ஓடும்.

பஸ்ஸே முடியாது, பணம்தான் என்றால், எல்லோருக்கும் ஒரே தொகை என்பது நியாயமில்லை. 3 மைல் ஓட்டுகிறவளுக்கும் 18 மைல் ஓட்டுகிறவளுக்கும் ஒரே தொகையா? தூரத்தைப் பார்த்துக் கொடுக்கட்டும். வசதி குறைந்த வீட்டுக்கு முன்கூட்டியே கொடுக்கட்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, பஸ் உண்டா இல்லையா என்பதை ஆகஸ்டில் சொல்லக்கூடாது. மே மாதமே சொல்லிவிட்டால் தாய்மார் வேலையிடத்தில் பேசிப் பார்க்கவாவது நேரம் இருக்கும். பள்ளி திறக்கிற சமயத்தில் கடிதம் வந்தால் யாரிடம் போய்க் கெஞ்சுவது?

இதெல்லாம் அந்த நாட்டு அரசாங்கம் பார்த்துக்கொள்ள வேண்டியது, நம்ம வாசகிகளுக்கு எதற்கு என்று சிலர் நினைக்கலாம். அங்கே பிள்ளை வளர்க்கிற நம் பெண்கள் எத்தனை ஆயிரம் பேர்! நாம் இங்கிருந்து போனில் "எந்த ஸ்கூல் நல்ல ஸ்கூல்?" என்று கேட்கிறோம், "ரேங்க் எப்படி?" என்று கேட்கிறோம். "பஸ் வருமா?" என்று கேட்கத் தோன்றுவதில்லை. நம்ம ஊரில் வேன்காரர் எப்படியும் வருவார், மாசாமாசம் வேன் காசு கொடுத்தால் முடிந்தது. அங்கே அப்படி இல்லை.

ஆகவே மகளோ மருமகளோ அங்கே பிள்ளையை அரசுப் பள்ளி தவிர வேறு பள்ளியில் சேர்க்கப் போவதாகச் சொன்னால், இந்த ஐந்து கேள்வியையும் கேளுங்கள்.

ஒன்று, வீட்டிலிருந்து பள்ளி எத்தனை மைல்? இரண்டு மைல் கணக்கு தாண்டுகிறதா, மேல் எல்லைக்குள் இருக்கிறதா?

இரண்டு, சார்ட்டர் பள்ளி என்றால் அது உங்கள் ஊர் பள்ளி மாவட்டத்துக்குள் இருக்கிறதா, வெளியே இருக்கிறதா?

மூன்று, விண்ணப்பிக்கக் கடைசித் தேதி எது? நியூ ஜெர்சியில் தனியார் பள்ளிக்கு மார்ச் 15, நியூயார்க் மாநிலத்தில் ஏப்ரல் 1. பள்ளி திறப்பதோ செப்டம்பரில். ஆறு மாசம் முன்னாலேயே கேட்டு வைக்க வேண்டும். ஒவ்வொரு வருஷமும் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், போன வருஷம் கிடைத்ததே என்று சும்மா இருக்கக்கூடாது.

நாலு, அதே ஊரிலிருந்து அந்தப் பள்ளிக்கு எத்தனை பிள்ளைகள் போகிறார்கள்? தலைகள் கூடினால் பஸ் வரும், குறைந்தால் செக்தான் வரும். நாலைந்து வீடுகள் சேர்ந்தே விண்ணப்பித்தால் நல்லது.

ஐந்து, பஸ் வராவிட்டால் யார் ஓட்டுவது? இதைச் சேர்க்கும் முன்பே புருஷன் பெண்டாட்டி இருவரும் உட்கார்ந்து பேச வேண்டும். 'யாராவது ஒருத்தர்' என்றால் அது அம்மாதான் என்று எந்தச் சட்டத்திலும் எழுதியிருக்கவில்லை. திங்கள், புதன் அப்பா ஓட்டட்டுமே.

அங்கே இருக்கிற நம் பெண்களுக்கும் ஒரு வார்த்தை. பள்ளி மாவட்டத்துக்கு ஒரு கல்விக் குழு உண்டு. அதன் கூட்டத்தில் பொதுமக்கள் எழுந்து பேசலாம், நேரம் ஒதுக்குகிறார்கள். வாக்குரிமை இல்லாவிட்டாலும் வாடகையிலும் வரியிலும் உங்கள் பணமும் இருக்கிறது. தயங்காமல் போய்ப் பேசுங்கள். ஒருத்தி பேசினால் புகார், பத்துப் பேர் பேசினால் கோரிக்கை.

படிக்கிற இடத்தைப் பெற்றோர் தேர்ந்தெடுக்கட்டும். போகிற வழி பத்திரமாக இருக்க ஊர் பார்த்துக்கொள்ளட்டும். பனியில் தெருமுனையில் நிற்கிற எட்டு வயசுப் பிள்ளைக்கு, தான் எந்த வகைப் பள்ளியில் படிக்கிறோம் என்பதெல்லாம் தெரியாது. பஸ் வருமா என்பது மட்டும்தான் தெரியும்.

தோழிகள் என்ன நினைக்கிறீர்கள்? வெளிநாட்டில் பேரப்பிள்ளை இருப்பவர்கள் உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள். படிக்கக் காத்திருக்கிறேன்.

– ஒரு வாசகி, திருச்சி